மீற்றருக்கு ஒரு திருத்தம்

பாமன்கடையில் வசிக்கிறேன் என்று சொன்னால், வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினர்களில் சிலர் "அது யாருடைய கடை?" என்று கேட்பதுண்டு. இங்கே பாமன் என்ற வணிகரும் இல்லை. அவருக்கொரு கடையும் இல்லை. சிங்களத்தில் 'பாமன்கட' என்று வழங்கும் பெயர் தமிழர் வாயில் கடையாகிவிட்டது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து திரும்பி, சிங்கள நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வாவின் பெயரைத் தாங்கிய மாவத்தை வழியாக உள்ளே வந்தால், சந்தடி சற்றே ஓயத் தொடங்கும் இடத்தில் எங்கள் பகுதி ஆரம்பமாகிறது. அந்த வீதியை இன்னமும் 'ஹை ஸ்றீற்' என்றே சொல்லும் பழையவர்கள் இருக்கிறார்கள். பெயர் மாறியது அவர்களுக்கும் தெரியும். பழைய பெயரைச் சொன்னால்தான் தாங்கள் எத்தனை காலமாக இங்கு இருக்கிறோம் என்பது கேட்பவருக்கு விளங்கும் என்று நினைக்கிறார்களோ, என்னவோ.

இன்று நான் எழுத வந்தது எனது காரைப் பற்றி. குறிப்பாக அதன் மீற்றரைப் பற்றி. சாரதியின் கண்முன்னே வேகம், பெற்றோலின் அளவு, இயந்திரத்தின் சூடு, ஓடிய தூரம் ஆகியவற்றைக் காட்டும் தொகுதி முழுவதையும் நாங்கள் இங்கு 'மீற்றர்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதை வீட்டிலேயே கழற்றி வேறொன்றைப் பூட்டிய கதை இது. பூட்டியது சுலபம். பூட்டிய பின்னர் வந்த சங்கடத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கார், 1999 ஆம் ஆண்டு ஜப்பானில் செய்யப்பட்டது. போர் முடிந்த மறு ஆண்டு, 2010 இல், கடன்பட்டு வாங்கினேன். அலுவலக வாகனங்களில் செய்தி சேகரிக்கச் சென்ற காலத்தில் சாரதிகள் ஒவ்வொரு பயணத்துக்கும் 'ரனிங் சார்ட்' எழுதுவதைப் பார்த்துப் பழகியவன் ஆதலால், வாங்கிய நாளிலேயே நானும் ஒரு கொப்பி போட்டேன். திகதி, மீற்றரில் உள்ள எண், போன இடம், அடித்த பெற்றோல் ஆகிய நான்கு விடயங்களே அதில் இருக்கும். "94,870, யாழ்ப்பாணம் புறப்பாடு" என்பது முதற் பக்கத்தில் உள்ள ஒரு வரி. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பதிந்துவிட்டுப் போன பயணம் அது. திரும்பி வந்து 95,742 என்று எழுதியிருக்கிறேன். 2016 இல் ஒரு வரியில் "சாவகச்சேரி, அம்மா" என்று மாத்திரம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் பக்கங்களில் எண்கள் மெதுவாகவே ஏறுகின்றன. கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் தந்த நாட்கள் அவை. வரிசையில் நின்ற மணித்தியாலங்களையும் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

2025 ஜனவரியில் மீற்றர் நோய்ப்படத் தொடங்கியது. திம்பிரிகஸ்யாயச் சந்தியில் வாகன நெரிசலில் நின்றபோது எல்லா முட்களும் ஒரே சமயத்தில் விழுந்தன. சில செக்கன்களில் மீண்டும் எழுந்தன. டாஷ்போட்டில் கையால் ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வரும். அடுத்த வாரம் இரண்டு தட்டு வேண்டியிருந்தது. வேகம் தெரியாமல் கொழும்பில் கார் ஓட்டிவிடலாம். நெரிசல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால், சூட்டைக் காட்டும் முள் செத்துக் கிடந்தால், ரேடியேற்றரில் தண்ணீர் வற்றி இயந்திரம் வெந்துபோகும் வரை ஒன்றும் தெரியாது. எங்களைப் போன்றவர்களுக்கு இயந்திரம் போனால் கார் போனது மாதிரித்தான்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கையின் மகன் கணினி பழுதுபார்ப்பவன். அவனிடம் சொன்னேன். "வேக முள்ளு மட்டும் விழுந்தால் கியர் பெட்டியில இருக்கிற சென்சரைச் சந்தேகப்படலாம், மாமா. எல்லா முள்ளும் ஒண்டா விழுந்தால் பிழை மீற்றருக்கு உள்ளதான்," என்றான். ஒரு போயா விடுமுறையன்று வந்து கழற்றிப் பார்த்தான். பின்பக்கத்துப் பலகையில் ஈயப் பற்று பல இடங்களில் வெடித்திருந்தது. கால் நூற்றாண்டுச் சூட்டிலும் குலுக்கலிலும் அது இயல்பு என்றான். பற்றவைத்துப் பூட்டினோம். இரண்டு நாட்கள் ஒழுங்காக வேலை செய்தது. மூன்றாம் நாள் தூரம் காட்டும் சின்னத் திரையும் கறுத்துப் போனது. கொப்பியில் நான் கடைசியாக எழுதியிருந்த எண் 241,306.

புதிய மீற்றர் வாங்குவது பற்றி யோசிக்கவே இயலாது. 2020 மார்ச்சில் இறக்குமதிகள் நிறுத்தப்பட்டதிலிருந்து இந்த நாட்டில் பழைய கார்கள் உதிரிப்பாகங்களாலேயே உயிர்வாழ்ந்து வந்தன. ஆகவே, மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைக்குப் போனோம். கைப்பிடியில் இருந்து கியர் பெட்டி வரை எல்லாம் தொங்கும் அந்தக் கடை வரிசைகளைக் கண்டவர்கள், அங்கே நடந்துகொண்டே ஒரு முழுக் காரைப் பொருத்திவிடலாம் என்று சொல்வார்கள். ஜப்பானில் உடைத்த கார்களில் இருந்து வந்த மீற்றர்கள் ஒரு கடையில் சுவர் முழுவதும் அடுக்கப்பட்டிருந்தன. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தால் போதாது. பின்பக்கத்து ஒட்டுத்தாளில் உள்ள இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். பிளக்குகளின் எண்ணிக்கையும் வடிவமும் பொருந்த வேண்டும். ஓட்டோ கியரா, கையால் போடும் கியரா என்பதையும் பார்க்க வேண்டும். மருமகன் பழைய மீற்றரைப் படம் எடுத்து வந்திருந்தபடியால் ஏமாறவில்லை. 18,000 ரூபாவுக்கு முடிந்தது.

செய்து பார்க்க விரும்பும் அன்பர்களுக்காக முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். ஸ்டியறிங்குக்குள் காற்றுப்பை இருக்கும் கார்களில் இந்தப் பொறுமை அவசியம். பின்னர் ஸ்டியறிங்கை முழுவதுமாகக் கீழே இறக்கினால் கை வைக்க இடம் கிடைக்கும். மீற்றரைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் சட்டத்தின் மேல்விளிம்பில் இரண்டு திருகாணிகள். மிச்சமெல்லாம் கொளுக்கிகள். பழைய பிளாஸ்ரிக் பிஸ்கற் போல உடையும். "மெதுவா இழுங்கோ மாமா, செய்தித் தலைப்பு வெட்டுற மாதிரி வெட்டாதேங்கோ," என்று மருமகன் பகிடி விட்டான். உள்ளே மீற்றரைப் பிடித்திருப்பவை நான்கு திருகாணிகள். அதில் ஒன்றை டாஷ்போட்டின் பாதாளத்துக்குள் விழுத்தியது நான். காந்தம் கட்டிய நூலால் எடுத்துத் தந்தது அவன். மீற்றரை முன்னுக்கு இழுத்து, பின்னாலுள்ள பிளக்குகளின் நாக்கை அழுத்தினால் கழன்றுவிடும்.

புதியதைச் செருகியதும் திருகாணிகளை இறுக்கக் கூடாது. பற்றரியைப் பூட்டி, சாவியை இயந்திரம் ஓடாத நிலையில் திருப்பினால் எண்ணெய், பற்றரி, காற்றுப்பை முதலிய எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும்; ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியாத விளக்கே எரியும் விளக்கைவிட ஆபத்தானது. எல்லாம் சரியாக எரிந்து, சரியாக அணைந்தன. முட்கள் எழுந்தன. ஹவ்லொக் வீதி வரை ஓடி, கைத்தொலைபேசி காட்டிய வேகத்தோடு ஒப்பிட்டும் பார்த்தோம். நான் மகிழ்ச்சியோடு கொப்பியை எடுத்தேன்.

மீற்றரில் இருந்த எண் 68,412.

தூரக் கணக்கு மீற்றரின் பலகையில் உள்ள நினைவகத்தில் பதிவாகியிருக்கும். ஆகவே மீற்றர் வரும்போது அந்தக் கணக்கும் கூடவே வருகிறது. ஜப்பானில் யாரோ ஒருவர் ஓடிய 68,412 கிலோ மீற்றர் எனது காரில் ஏறிக்கொண்டது. நான் ஓமந்தை கடந்து ஓடியதும் சாவகச்சேரிக்கு இரவோடிரவாக ஓடியதும் ஒரு கடதாசிப் பெட்டிக்குள் போய்விட்டன.

இது வெறும் மனத்தாங்கலாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். காரை விற்கும் தேவை இருந்தது. மகளின் படிப்புக்கு அடுத்த தவணைப் பணம் கட்ட வேண்டும். 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகன இறக்குமதிக்குத் தடை நீங்கியிருந்தபடியால், பழைய கார்களின் விலை விழும், தாமதிக்க வேண்டாம் என்று தரகர் வற்புறுத்திக்கொண்டிருந்தார். அவர் வந்து காரைப் பார்த்தார். மீற்றரையும் பார்த்தார். விடயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"சேர், இது கடவுள் குடுத்த மீற்றர். நீங்க ஒண்டும் சொல்ல வேணாம். பொய்யும் சொல்ல வேணாம். கேட்டா, மீற்றரில இருக்கிறதுதான் எண்டு சொல்லுங்க. மூண்டு இலட்சம் கூடப் போகும்."

மூன்று இலட்சம் என்பது கட்ட வேண்டிய தவணையில் பெரும் பங்கு. அன்றிரவு மனைவி, "இஞ்சேருங்கோ, நீங்கள் ஒருத்தரையும் ஏமாத்தேல்லையே, அந்த நம்பரோடதானே வந்தது?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் இருந்தேன். பொய் சொல்லாமலே ஏமாற்றலாம் என்பதைத் தொழிலில் பலமுறை கண்டவன் நான். ஆனாலும் அந்த இரவில் அது எனக்கும் நல்ல யோசனையாகவே தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை.

மறுநாள் மருமகனிடம், மீற்றரில் பழைய எண்ணை ஏற்ற முடியுமா என்று கேட்டேன். மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்த வேலை செய்யும் ஒருவரின் இலக்கத்தை அவன் தந்தான். தொலைபேசியில் அழைத்தேன்.

"எவ்வளவுக்கு இறக்க வேணும், சேர்?"

"இறக்க வேண்டாம், ஏற்ற வேண்டும்."

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. "ஏத்தச் சொல்லி ஒருத்தரும் இதுவரை கேட்டதில்ல, சேர். சரி, செய்யலாம். எவ்வளவுக்கு ஏத்த?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 241,306 என்பது திரை கறுக்கும் முன்னர் நான் எழுதிய எண். அதற்கு முன்னரும் மீற்றர் விட்டுவிட்டு வேலை செய்திருக்கிறது. அதற்குப் பின்னர் புதியது பூட்டும் வரை இரண்டு மாதங்கள் கணக்கில்லாமல் ஓடியிருக்கிறது. எழுநூறோ, ஆயிரமோ, யாருக்குத் தெரியும்? எந்த எண்ணைச் சொன்னாலும் கடைசி இலக்கம் வரை துல்லியமாகத் தெரியும். ஆனால் அது நான் ஊகித்த எண். பிறகு அழைப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1990 களின் பிற்பகுதியில், நான் இளம் செய்தியாளனாக இருந்தபோது, வடக்கில் ஒரு படகு கவிழ்ந்தது. தொலைபேசித் தொடர்பே அருமையாக இருந்த காலம். இரவு பத்து மணிக்குக் கிடைத்த ஒரே தகவலை வைத்து, ஒன்பது பேர் பலி என்று எழுதினேன். 'குறைந்தது' என்ற சொல்லை நான் சேர்க்கவில்லை. தலைப்பு நீண்டுவிடும் என்று நினைத்தேன். இரண்டு நாட்கள் கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். பத்தாவது ஆள் அவருடைய தம்பி. ஒரு நாள் பிந்தித்தான் உடல் கரையொதுங்கியது. அவர் சத்தம் போடவில்லை. "பேப்பரில ஒன்பதெண்டு இருக்கிறதால, ஊரில சில பேர் அவன் தப்பிப் போயிட்டான் எண்டு கதைக்கினம், தம்பி," என்று மாத்திரம் சொன்னார்.

உள்பக்கம் ஒன்றில், இரண்டு அங்குலத்தில் ஒரு திருத்தம் போட்டோம். நான் வெட்கத்தோடுதான் அதை எழுதினேன். அடுத்த கிழமை அவர் மீண்டும் வந்து பத்திரிகை கேட்டார். முதல் நாள் செய்தி வந்த இதழை எடுத்துக் கொடுத்தேன். "இது வேண்டாம்; திருத்தம் வந்ததைத் தாங்கோ," என்றார். இரண்டு பிரதிகள் வாங்கிக்கொண்டு போனார். அன்று முதல் திருத்தம் என்ற சொல்லை நான் அவமானமாகக் கருதியதில்லை. 'குறைந்தது' என்ற சொல்லைத் தலைப்பு நீளத்துக்காக வெட்டியதும் இல்லை.

ஓடிய தூரத்தை அளக்கும் ஆசை மனிதனுக்குப் பழையது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தமது நூலில் ஒரு பொறியை விபரிக்கிறார். வண்டிச் சக்கரம் 400 முறை சுழன்றால் ஓர் உரோம மைல். அப்போது பற்சக்கரங்கள் நகர்ந்து ஒரு கூழாங்கல்லை வெண்கலப் பாத்திரத்துக்குள் விழுத்தும். மாலையில் கற்களை எண்ணினால் பயணத் தூரம் தெரிந்துவிடும். பாத்திரத்தில் இருந்து நாலு கற்களை எடுத்து எறிவது எவ்வளவு சுலபம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்! எங்கள் ஊரவர்கள் தூரத்தைப் பாத்திரத்தில் வைக்காமல் நிலத்தில் நட்டார்கள். மைலைக் 'கட்டை' என்பது எங்கள் வழக்கு. கிளிநொச்சியில் 155 ஆம் கட்டை என்று ஓர் இடமே இருக்கிறது. அளவுமுறை கிலோ மீற்றருக்கு மாறிய பின்னரும் அந்த ஊரின் பெயரை யாரும் மாற்றவில்லை.

கார் மீற்றரைக் குறைப்பது உலகெங்கும் நடக்கும் மோசடி. ஜப்பானில் கட்டாயப் பரிசோதனைச் சான்றிதழிலேயே ஓடிய தூரத்தைப் பதிகிறார்கள். அமெரிக்கா 1972 இல் இதற்கென மத்திய சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது, மீற்றர் பழுதானவர்களுக்கான ஏற்பாடு. பழுதுபார்த்தாலோ மாற்றினாலோ பழைய எண்ணையே மீண்டும் வைக்க வேண்டும். அது இயலாவிட்டால் பூச்சியத்தில் வைத்து, முன்னர் இருந்த தூரத்தையும் மாற்றிய திகதியையும் எழுதி, இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஏமாற்றும் நோக்கத்தோடு அந்த ஒட்டுத்தாளை உரிப்பதும் குற்றம். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பத்திரிகைத் திருத்தம் அல்லவா அது! எண்ணை மாற்றலாம், மாற்றினேன் என்று, பார்ப்பவர் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

நானும் எழுதினேன். அவர்களுக்குச் சாரதி இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். வலப்பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து, செலோடேப்பால் மூடி ஒட்டினேன். "இந்த வாகனத்தின் மீற்றர் 2025 மார்ச்சில் மாற்றப்பட்டது. பழைய மீற்றர் நின்றபோது 241,306. புதியதைப் பூட்டியபோது அதில் 68,412. பழையது பழுதாக இருந்த காலத்தில் ஓடிய தூரம் பதியப்படவில்லை. ஆகவே உண்மையான தூரம் குறைந்தது 241,306, அதனுடன் புதிய மீற்றரில் 68,412 க்கு மேல் ஏறியது."

கடதாசியைப் பார்த்த தரகர் தலையில் கை வைத்தார். முதலில் வந்தவர் கதவைத் திறந்து, வாசித்து, மூடிவிட்டுப் போனார். இரண்டாமவர், இதை உரித்துவிட்டுத் தந்தால் வாங்குவதாகச் சொன்னார். தான் பின்னர் விற்கும்போது இடைஞ்சலாக இருக்குமாம். தவணைத் திகதி நெருங்கியது. மனைவி ஒன்றும் சொல்லாமல் ஒட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டு போவாள். நானும் இரண்டு முறை அதன் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தது உண்மை. இறுதியில் பழைய நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் பணம் கட்டினேன்.

மே மாதத்தில் வத்தளையில் இருந்து ஓர் இளம் ஆசிரியர் வந்தார். வாசித்துவிட்டு, "இந்த எண்ணுக்கு எழுத்தில ஏதும் இருக்கா, ஐயா?" என்று கேட்டார். கொப்பியைக் கொடுத்தேன். மதில் ஓரத்தில் அமர்ந்து அரை மணித்தியாலம் வாசித்தார். எண்ணெய் மாற்றிய திகதிகள், பிறேக் மாற்றியது, பற்றரி வாங்கியது என்று விரல் வைத்துப் பார்த்தார். தரகர் சொன்ன தொகையில் இருந்து இரண்டரை இலட்சம் குறைத்துக் கேட்டார். சம்மதித்தேன். கொப்பியையும் தர முடியுமா என்றார். அதற்குத்தான் சற்றுத் தயங்கினேன். பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, கடைசி வரியாக "69,140, கைமாற்றம்" என்று எழுதி ஒப்படைத்தேன். கடன் அடைந்தது, மிச்சத்தில் ஒரு சிறு வண்டியும் வாங்க இயலாமல், இப்போது பஸ்ஸில்தான் அலுவலகம் போகிறேன்.

பழைய கார் வாங்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிறேக் மிதியின் றப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டியறிங் வழவழத்திருக்கிறதா, சாரதி ஆசனத்தின் ஓரம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் மாற்றிய நிலையத்தார் ஒட்டிய பழைய துண்டுகள் எங்கேனும் இருந்தால் அந்த எண்களை வாசியுங்கள். விற்பவரிடம் எழுதி வைத்த கணக்கு உண்டா என்று கேளுங்கள். மீற்றரைக் கடைசியாகப் பாருங்கள்.